முகப்பு மட்டும் அரண்மனை

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் என்ற ஊர். அதை ஒட்டினாற்போல் மேற்கே ஹோவ். அங்கே பிரன்ஸ்விக் சதுக்கம் இருக்கிறது. மூன்று பக்கமும் வரிசை வீடுகள், நடுவில் தோட்டம், நான்காவது பக்கம் கடல். அந்த வரிசையில் 13ஆம் எண் வீட்டை வைத்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன். 1820களில் கட்டிய வீடு. 'ரீஜென்சி டவுன் ஹவுஸ்' என்ற பெயரில் அதைப் பழையபடி மீட்டெடுத்துக் காட்சியகமாக்கி வருகிறார்கள்.

காற்று ஆளையே தள்ளுகிற அந்தக் குளிர்க் கரையில் பணக்காரர்கள் எதற்கு வீடு தேடினார்கள்? ஒரு மருத்துவர் கிளப்பிவிட்டது. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்பவர் 1750இல் கடல்நீர் நோய் தீர்க்கும் என்று லத்தீனில் எழுதினார். குளித்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டுமாம்! 1783இல் பட்டத்து இளவரசரே பிரைட்டனுக்கு வந்தார், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆனவர். இளவரசர் போன ஊருக்கு மற்றவர்கள் போகாமல் இருப்பார்களா? அந்தக் கூட்டத்தை நம்பித்தான் சார்லஸ் பஸ்பி என்ற கட்டடக் கலைஞர், ஏமன் வைல்ட்ஸ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, இந்தச் சதுக்கம் அடங்கிய பிரன்ஸ்விக் டவுனை எழுப்பினார்.

சரி, வீட்டுக்கு வருவோம். சதுக்கத்தின் இரண்டு பக்க வீடுகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. கடலைப் பார்த்து அல்ல. கடலுக்காக வாடகை கொடுத்தவர் எதிர்வீட்டுச் சன்னலையா பார்த்துக்கொண்டிருப்பார்? பஸ்பி முகப்புச் சுவரையே வில்லாக வளைத்து வெளியே தள்ளிவிட்டார். வளைந்த சன்னலில் நின்று தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், தண்ணீர் தெரியும். அழகுக்கு வளைத்தது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உள்ளே நின்று பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது.

உள்ளே எல்லாம் படிக்கட்டுதான். இரண்டு பக்கமும் பொதுச் சுவர். அகலத்துக்கு வழியில்லை, அதனால் வீடு மேலே மேலே போகிறது. தரைக்குக் கீழே சமையலறை, தரையில் சாப்பாட்டு அறை. முதல் மாடியில் விருந்தினர் கூடம்: கூரை உயரம் அங்கேதான் அதிகம், இரும்புப் பால்கனியும் அங்கேதான். மேலே போகப் போக கூரை தாழ்ந்துகொண்டே வரும். உச்சியில் வேலைக்காரர்கள் படுக்கும் அறை. வீட்டின் நடுப்பகுதிக்குச் சன்னல் வைக்க முடியாதல்லவா, படிக்கட்டுக்கு வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும். ஒரு கெண்டி வெந்நீர் கேட்டால் கீழிருந்து எத்தனை படி ஏறியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி சுவர். வெளியிலிருந்து பார்த்தால் செதுக்கிய கல் கட்டடம். தட்டிப் பார்த்தால் காரைப் பூச்சு. பாத் நகரத்துக் கல்லைப்போலத் தோன்றட்டும் என்று ஈரப் பூச்சிலேயே பொய்யாக இணைப்புக் கோடு கீறி, சாயம் அடித்தார்கள். பூச்சுக்குப் பின்னால் அந்த ஊர் வீடுகள் பலவற்றில் இருப்பது 'பங்கரூஷ்'. சிக்கிமுக்கிக் கல், உடைந்த செங்கல், மணல், கட்டைத் துண்டு, கையில் கிடைத்ததையெல்லாம் சுண்ணாம்போடு பலகைக்கு நடுவே கொட்டிய சுவர். குழாய்த் தண்ணீரைக் குறிபார்த்து அடித்தால் பாதி பிரைட்டன் விழுந்துவிடும் என்று உள்ளூரில் கேலி செய்வார்கள். ரொம்ப ஈரமானால் சுண்ணாம்பு கரையும்; ரொம்பக் காய்ந்தால் உதிரும். பிற்காலத்தில் நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசியவர்கள்தான் பெரிய கெடுதல் செய்தார்கள். விரிசல் வழியே உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழி அடைபட்டது, ஓதம் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. மீட்பு வேலையில் சுண்ணாம்புக் காரையே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது பழமைப் பித்து அல்ல.

பஸ்பியின் கதை சோகமானது. இத்தனை வீடு கட்டியவர் 1833இல் கடனில் மூழ்கி, அடுத்த ஆண்டே காலமானார்.

வெளிப்பூச்சை உப்புக்காற்று சும்மா விடாது. சதுக்கத்துக்கென்று 1830லேயே தனிச் சட்டம் வந்தது. 1976இல் வந்த சட்டத்தின்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முகப்புக்கு வர்ணம் அடித்தாக வேண்டும், அதுவும் எல்லா வீட்டுக்கும் ஒரே பாலாடை நிறம். எந்த நிறம் பிடிக்கும் என்று வீட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை. நான் போன அன்றும் இரண்டு வீட்டில் சாரம் கட்டி, வாளியோடு ஆள் ஏறிக்கொண்டிருந்தார்.