நோகவைத்துத்தான் நோவைப் போக்க வேண்டுமா?

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். இங்கே வரும் வழியில், காலி வீதியில் பேருந்திலிருந்து இறங்கிய ஓர் அம்மா, மிதிபலகையிலிருந்து நிலத்தில் கால் வைக்குமுன் நாரியில், அதாவது இடுப்பின் பின்புறத்தில், ஒரு கையை ஊன்றிக்கொண்டு சற்றுத் தரித்து நின்றதைக் கண்டேன். அந்தத் தரிப்பை உங்களிற் பலர் அறிவீர்கள். மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் நோவையே நாட்பட்ட நோ என்கிறோம். நாரி, கழுத்து, முழங்கால் என்று இடம் வேறுபட்டாலும், அதனுடன் வாழ்பவர்கள் இயன்மருத்துவனாகிய (பிசியோதெரபிஸ்ற்) என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "உருவிவிட்டால் சுகம் வருமா?" கையால் தேய்த்தும் பிடித்தும் விடுவதைத்தான் உருவல் என்கிறோம். வரும், ஆனால் அது நோயை வேரோடு களையும் சுகமன்று. சில மணி நேரமோ சில நாள்களோ உடல் இளகிக் கொடுக்கின்ற ஓர் இடைவெளி அது. அந்த இடைவெளிக்குள் நாம் எவ்வளவு அசைகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தையற்கார அம்மா வருவார். நாள் முழுவதும் மெஷினுக்கு முன் குனிந்திருந்து இறுகிப்போன கழுத்தும் தோளும் அவருடையவை. "பெலமாய் அழுத்துங்கோ தம்பி, நொந்தால்தான் போகும்" என்பார். நானும் பெருவிரலை ஊன்றி அழுத்தினேன். மறுநாள் அவரால் கையைத் தூக்கிக் கொடியில் உடுப்புக் காயப்போட முடியவில்லை. அடுத்த முறை வந்தபோது அவர் என்னைக் குறை சொல்லவேயில்லை. இன்னும் பெலமாக அழுத்தியிருக்க வேண்டும் என்றே நம்பினார். அந்த நம்பிக்கைதான் என்னை அச்சப்படுத்தியது.

நாட்பட்ட நோவில் பலருக்கு, முதலில் ஏற்பட்ட காயம் ஆறிய பின்னரும், முள்ளந்தண்டு வடமும் மூளையும் அளவுக்கு மிஞ்சிய விழிப்போடு இருக்கின்றன. சாதாரண தொடுகையைக்கூட அவை ஆபத்தாக எடுத்துக்கொள்வதுண்டு. அப்படிப்பட்ட உடலை நோக நோக அழுத்துவது, விழித்திருக்கும் காவற்காரனை மேலும் உசுப்பிவிடுவதாகும். அடிபட்ட இடத்தை நாம் நம்மை அறியாமல் தடவிக்கொள்வதற்கு மெல்சாக், வோல் என்ற ஆய்வாளர் இருவர் 1965இல் விளக்கம் தந்தார்கள்: தொடுகையை ஏந்திச் செல்லும் நரம்புகள், முள்ளந்தண்டு வடத்தில் நோச் செய்திக்குரிய வாசலை ஓரளவு சாத்துகின்றன. தோலில் வேறொரு வகை நரம்பு நாரும் உண்டு. விநாடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான மெதுவான வருடலுக்கே அது நன்றாக விழித்தெழுகிறது. விரைந்து தேய்ப்பவரின் கைக்கு அது இசைவதில்லை.

அமெரிக்காவில் நாட்பட்ட நாரிநோ உள்ள 401 பேரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2011இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குத் தசைகளைத் தேடிப் பிடித்துச் செய்யும் நுணுக்கமான உருவலும், இன்னொரு பகுதியினருக்கு உடலைத் தளர்த்தும் மென்மையான உருவலும் வாரம் ஒரு முறையாகப் பத்து வாரங்கள் அளிக்கப்பட்டன. வழமையான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட இரு பகுதியினரும் நன்றாகத் தேறினார்கள். அவ்விரு முறைகளுக்குமிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. ஆறு மாதம் வரை தெரிந்த பலன், ஓராண்டு ஆனபோது பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, குறுகிய காலத்துக்கு நன்மை தெரிந்தாலும் அந்தச் சான்றின் நம்பகம் மிகக் குறைவு என்றே எழுதியது. இதை மறைத்துவிட்டு உங்கள் முன் நிற்க எனக்கு மனமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நாட்பட்ட நாரிநோ வழிகாட்டி, உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம் முதலியவற்றோடு உருவலையும் வழங்கத்தக்க முறைகளுள் சேர்த்திருக்கிறது. நம்மிற் பலர் நம்பியிருக்கும் இடுப்புப் பட்டியையோ வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

சித்த மருத்துவத்தில் இக்கலையின் பெயர் தொக்கணம். அதன் வகைகள் ஒன்பது. தட்டல், பிடித்தல், இழுத்தல், அசைத்தல் என்று விரியும் அந்த வரிசையில் அழுத்தல் ஒன்றே ஒன்றுதான். நாமோ மற்ற எட்டையும் கைவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கை வைக்கக்கூடாத இடங்களும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் அதை உருவவே வேண்டாம். உள்ளே குருதி கட்டியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். நாரிநோவோடு சிறுநீர் போகாமல் நின்றாலோ, இருக்கையிற் படும் பகுதி மரத்துப்போனாலோ, எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீரிழிவால் உணர்வு குன்றிய பாதத்தில் சூடான எண்ணெய் புண்ணை உண்டாக்கும். அந்தச் சூடு நோயாளிக்குத் தெரியாது. குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், எலும்பின் அடர்த்தி குறைந்தவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். சலூனில் தலைமயிர் வெட்டி முடிந்ததும் கழுத்தைத் திடீரெனத் திருப்பி நெட்டி முறிக்கிறார்களே, அதற்கு இடம் கொடாதீர்கள். கழுத்திலுள்ள குருதிக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். நோ குறைந்துவிட்டது என்று குளிசைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அந்தத் தையற்கார அம்மாவுக்கு நான் முறையை மாற்றிக்கொண்டேன். பத்து நிமிடம் உள்ளங்கையால் மெதுவாக உருவினேன். உடனேயே அவர் சுவரோரம் நின்று விரல்களைச் சுவரில் மேல்நோக்கி நடத்தினார். முதல் நாள் விரல்கள் கண்மட்டத்தோடு நின்றுவிட்டன. வீட்டில் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷினை விட்டு எழும்பவும் பழகினார். நோ முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் இரண்டு மாதத்தின் பின் ஒரு நாள் வந்து, படுக்கை விரிப்பைத் தாமே கொடியில் போட்டதாகச் சொன்னார்.

இப்போது ஓர் ஐயா மேடைக்கு வர இசைந்திருக்கிறார். பாருங்கள், எண்ணெயை முதலில் என் உள்ளங்கையில் ஊற்றி அதன் குளிரைப் போக்குகிறேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தடவை செல்ல எட்டு விநாடி எடுக்கிறேன். அவருடைய முகத்தைப் பார்த்தபடியே செய்கிறேன். புருவம் சுருங்கினால் கை இளக வேண்டும். ஐந்து நிமிடம் போதும். அதன் பிறகு அவர் தம் கையைத் தாமே தலைக்கு மேல் மூன்று தடவை உயர்த்துவார். வீட்டில் செய்பவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.