தசையா, அட்டையா? அட்டை அணியின் கடைசிப் பேச்சு

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணிப் பேச்சாளர்களே, சமோசா தீர்ந்த பிறகும் எழுந்து போகாத பெருமக்களே, வணக்கம். மீதிப் பேரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். நேர மணி நடுவர் ஐயா கையில் இருக்கிறது.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1958-லிருந்து 1965 வரை இத்தாலிக்காரர்கள் வாளும் செருப்புமாக எடுத்துத் தள்ளினார்களே ஹெர்குலிஸ் படங்கள், மாச்சிஸ்தே படங்கள், உர்சுஸ் படங்கள் என்று பழங்காலப் பயில்வான் கதைகள், அவற்றை இன்றைக்கும் நம்மைப் பார்க்க வைப்பது நாயகனின் தசையா, அவன் பின்னால் செட்டாக நிற்கிற அட்டையா? பிரெஞ்சு விமர்சகர்கள் இந்தப் படங்களுக்கு 'பெப்ளம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கால கிரேக்கப் பெண்களின் உடை அது. பார்த்தீர்களா, பெயர் வைக்கும்போதே தசையை விட்டுவிட்டுத் துணியைப் பார்த்திருக்கிறார்கள். தீர்ப்பை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் பேசுகிறேன். வாடகை கொடுத்து மைக் வாங்கியிருக்கிறார்கள்.

எதிரணி அண்ணன் பேசும்போது ஸ்டீவ் ரீவ்ஸ், ஸ்டீவ் ரீவ்ஸ் என்று ஒன்பது முறை சொன்னார். நான் எண்ணினேன். 1958-இல் ஹெர்குலிஸாக நடித்தவர். 1947-இல் மிஸ்டர் அமெரிக்கா, 1950-இல் மிஸ்டர் யுனிவர்ஸ். அந்த மார்பு, அந்தத் தாடி. ஒத்துக்கொள்கிறேன் ஐயா, எனக்கும் கண் இருக்கிறது. அதோடு விட்டாரா? கடைசியில் ஒரு வெடி போட்டார். "அட்டைதான் அழகு என்றால் சகோதரி எதற்குப் படம் பார்க்க வேண்டும்? வீட்டில் ஃபிரிட்ஜ் வந்த பெட்டி இருக்கும். அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதானே!" கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் நான் எந்த அணி என்பது ஞாபகம் வந்தது.

ஃபிரிட்ஜ் பெட்டிக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை அண்ணே. அதற்கு முன்னால் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்கு சீன் படுதா வரைந்தவர். விடிய விடிய நடக்கும் நாடகத்துக்கு அரண்மனைப் படுதா, தோட்டப் படுதா, காட்டுப் படுதா எல்லாம் அவர் கை. வீட்டில் எப்போதும் வஜ்ரப் பசை வாடை. ஐந்தாறு வருடம் முன்னால் ஒரு ராத்திரி நான் கம்ப்யூட்டரில் மரியோ பாவா இயக்கிய ஹெர்குலிஸ் படத்தைப் போட்டிருந்தேன். 1961-இல் வந்தது. ஹெர்குலிஸ் பாதாள லோகத்துக்கே போகிற கதை. நாயகன் ரெக் பார்க், இங்கிலாந்துப் பயில்வான். வில்லன் கிறிஸ்டோபர் லீ. அப்பா சாப்பிட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றார்.

நான் ரெக் பார்க்கைப் பார்க்கிறேன். அப்பா என்ன பார்க்கிறார்? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "ஒண்ணு" என்றார்.

என்னப்பா ஒண்ணு? பதில் இல்லை.

படத்தில் ஒரு குகை வந்தது. சிவப்பு வெளிச்சம். "ரெண்டு."

மாத்திரை எண்ணுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேஸ்திரி மாதிரி நிற்கிறார். நீல வெளிச்சத்தில் ஒரு மண்டபம் வந்தது. "மூணு... இரு, இரு." படத்தில் ஹெர்குலிஸ் ஏதோ பெரிய ஆபத்தில் இருக்கிறான், என்னை இரு இரு என்கிறார். பச்சை வெளிச்சத்தில் வேறொரு மண்டபம். அவ்வளவுதான், கையைத் தட்டினார். "மொத்தமே நாலு தூணுதான்மா வச்சிருக்கான்! அதையே தள்ளித் தள்ளி வச்சு படத்தை ஓட்டிட்டான் மகராசன்!"

நான் சிரித்தேன். அப்பா, அது இத்தாலி, நம்ம ஊர்க் கொட்டகை இல்லை, நாலு தூணை வைத்து யாராவது பாதாள லோகம் காட்டுவார்களா என்றேன். அவர் பதில் சொல்லாமல் படுக்கப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் பாவாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். தன்னிடம் இருந்தது கதவும் ஜன்னலும் வைத்த ஒரு சுவர்த் துண்டு, நகர்த்தி வைக்கக்கூடிய தூண்கள்... எத்தனை? சபையே சொல்லட்டும். எத்தனை?

நாலு! பின்வரிசையில் சரியாகக் கேட்கவில்லை. எத்தனை? நாலு! எதிரணி அண்ணன் வாயும் அசைந்தது, நடுவர் ஐயா குறித்துக்கொள்ள வேண்டும்.

நாலு தூண். அதே தூண் சிவப்பில் குகை வாசல், நீலத்தில் அரண்மனை, பச்சையில் நரகம். அந்தப் படத்தில் ஒரு கொடியை வாளால் வெட்டினால் ரத்தம் கொட்டும், கொடிக்குள்ளிருந்து பாவிகளின் ஓலம் கேட்கும். கண்ணுக்கு முன்னால் இருப்பது என்ன? கயிறு, சாயத் தண்ணீர், ஒரு கலர் விளக்கு. எனக்கு முதுகு சில்லிட்டது. இதில் ரெக் பார்க்கின் புஜம் எங்கே வந்தது? அது பாட்டுக்கு ஓரமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. கிறிஸ்டோபர் லீக்கு எப்பேர்ப்பட்ட குரல்! ஆங்கிலப் பதிப்பில் அந்தக் குரலே இல்லை, வேறு யாரோ பேசியிருக்கிறார்கள். சிங்கத்தைக் கூட்டி வந்து கர்ஜனைக்கு வேறு ஆள் போட்ட கதை. ஸ்டீவ் ரீவ்ஸுக்கும் அதே கதைதான். இந்தப் படங்களில் நாயகனுக்குக் குரல் சொந்தமில்லை. பேராவது சொந்தமா? மாச்சிஸ்தே என்பவன் இத்தாலியின் தங்கக் கம்பி. 1914-இல் 'கபீரியா' படத்தில் பிறந்தவன், அப்போது நடித்தவர் ஜெனோவா துறைமுகத்தில் வேலை பார்த்த பார்தொலொமெயோ பகானோ. 1960-இல் அந்த மாச்சிஸ்தே திரும்பி வந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியதும் என்ன ஆனான்? ஒரு படத்தில் சாம்சன், ஒரு படத்தில் கோலியாத், ஒரு படத்தில் அட்லஸ், போதாக்குறைக்கு ஹெர்குலிஸ். தொலைக்காட்சியில் பத்துக்கும் மேற்பட்ட படங்களை மொத்தமாகக் கட்டி எல்லாரும் 'ஹெர்குலிஸின் மகன்கள்' என்று போட்டுவிட்டார்கள். அந்த வீட்டு ரேஷன் கார்டை நினைத்துப் பாருங்கள்.

1962-இல் ஒரு படம். ஸ்காட்லாந்தில் சூனியக்காரியைக் கொளுத்துகிற ஊர், குளிர், எல்லாரும் கழுத்து வரை மூடியிருக்கிறார்கள். அங்கே குதிரையில் மாச்சிஸ்தே வருகிறார், இடுப்பில் ஒரு முழத் துணியோடு. ஏன், எப்படி, எந்த நூற்றாண்டு என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இதற்கு வாதம் ஒன்றும் இல்லை ஐயா, சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

பேரும் குரலும் மாறலாம், ஆளும் மாறலாம். ஸ்டீவ் ரீவ்ஸுக்கு டூப் போட்ட செர்ஜியோ சியானி, ஆலன் ஸ்டீல் என்று பெயரை மாற்றிக்கொண்டு தானே நாயகனாகிவிட்டார். கிர்க் மோரிஸ் என்று இன்னொரு நாயகன், பெயரைக் கேட்டால் அமெரிக்காவில் நெப்ராஸ்கா பக்கம் என்று நினைப்பீர்கள். வெனிஸ்காரர், அத்ரியானோ பெல்லினி. தசைக்கு மாற்றுத் தசை எப்போதும் கிடைத்தது. நாலு தூணுக்கு மாற்று கிடைத்ததா?

சரி, தசைக்கு நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1958 ஹெர்குலிஸ் படத்தில் ரீவ்ஸ் முதல் காட்சியிலேயே ஒரு மரத்தை வேரோடு பிடுங்கி, மிரண்டு ஓடுகிற ரதத்தை நிறுத்துவார். அமெரிக்காவே வாயைப் பிளந்தது. ஜோசஃப் லெவின் என்ற வியாபாரி சுமார் 1,20,000 டாலருக்கு அதை வாங்கி, விளம்பரத்துக்கு மட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தார். மாப்பிள்ளையை விடப் பந்தலுக்குச் செலவு. அடுத்த வருடம் அதே ரீவ்ஸ் பாம்பெய் படத்தில் ரதம் ஓட்டினார். ரதம் போய் மரத்தில் மோதித் தோள்பட்டை நழுவிவிட்டது. நிஜ மரம். அண்ணே, நான் கேட்கிறேன், அதுவும் அட்டை மரமாக இருந்திருந்தால் அந்த மனுஷன் தோள் தப்பித்திருக்குமா இல்லையா? நீங்கள் கொண்டாடுகிற தசையைக் காப்பாற்றியிருக்கக்கூடியதே எங்கள் அட்டைதான்!

கைத்தட்டலுக்கு நன்றி. இதை நான் வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு வந்தேன்.

அதே 1958 படத்தின் கடைசிக் காட்சியில், தன்னைக் கட்டிய சங்கிலியையே தூண்களில் சுற்றி ஹெர்குலிஸ் இழுப்பார். அரண்மனை முகப்பு அப்படியே படைவீரர்கள் மேல் சரியும். அண்ணன் இதைத்தான் சொல்லிச் சிரித்தார், தூண் விழும்போது ஒரு கல் துள்ளியது என்று. துள்ளட்டுமே! அந்தத் தூணை ஒருவன் செய்திருக்கிறான். நிற்கிற தூணை யார் வேண்டுமானாலும் செய்யலாம், சொன்ன நேரத்தில் விழுகிற தூணைச் செய்வதுதான் வேலை. ரீவ்ஸ் இழுக்கும்போது விழ வேண்டும், அரை விநாடி முன்னால் விழுந்தால் மானம் போய்விடும். கீழே நிற்கிற துணை நடிகன் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும், அவன் மண்டை உடையக் கூடாது. உலகம் ரீவ்ஸின் புஜத்துக்குக் கை தட்டியது. அந்தத் தச்சன் சாயங்காலம் சட்டையில் ஒட்டிய பிளாஸ்டரைத் தட்டிவிட்டு டிராம் ஏறியிருப்பான்.

அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு யார்? அதே மரியோ பாவா. அவருக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது? அவருடைய அப்பா எயுஜெனியோ பாவா சிற்பி. மௌனப் படக் காலத்திலேயே கேமராவுக்குப் பின்னால் நின்று தந்திரக் காட்சி செய்தவர். அப்பாவின் பட்டறையில் வளர்ந்த பையன்.

ஐயா, மணி மேல் கை வைத்துவிட்டீர்கள். இரண்டே நிமிடம். ஃபிரிட்ஜ் பெட்டி பாக்கி இருக்கிறது.

அண்ணே, நீங்கள் வேடிக்கைக்குச் சொன்னீர்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. எதிர்வீட்டுக்கு வந்தது. தெருவே ஃபிரிட்ஜைப் பார்க்கப் போனது. எங்கள் அப்பா மட்டும் வாசலில் கிடந்த பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் வாயிற்காவலன் வேஷம், வசனம் இல்லை. அதற்கு ஒரு தூண். பெட்டியைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, உருட்டி, கயிறு கட்டி ராத்திரி முழுக்கக் காய வைத்தார். சாக்பவுடரும் வஜ்ரமும் குழைத்து ஒரு பூச்சு. அது காய்ந்ததும் தேங்காய் நாரைக் கரித் தண்ணீரில் தொட்டு ஒரு இழுப்பு, அதன் மேல் விரலால் ஒரு தேய்ப்பு. சலவைக்கல்லில் ஓடுமே சாம்பல் நிற நரம்பு, அது வந்துவிட்டது. காலையில் தலைமையாசிரியை அதன் பக்கத்தில் வந்தார், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக்கென்று அட்டைச் சத்தம். அவர் முகம் மாறியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாடகம் முழுக்க அந்தத் தூணை ஒட்டி நான் விறைப்பாக நின்றேன். அப்பா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கிறாரா தூணைப் பார்க்கிறாரா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அப்பா போன வருடம் தவறிவிட்டார்.

அதற்கு முன்னால், அந்த நாலு தூண் விஷயம் படித்தேன் என்றேனே, அதை அவரிடம் சொல்லி மறுபடி படத்தைப் போட்டேன். இந்தத் தடவை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், எண்ணவில்லை. நீல மண்டபம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கிட்டே போனார். கம்ப்யூட்டர் திரையில் இருந்த தூணை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

"நல்லா செஞ்சிருக்கான்" என்றார். பிறகு, "கூட வேலை செஞ்ச ஆளுங்க பேரைக் காட்டு" என்றார்.

பழைய படம், பேரெல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். அவருக்காகப் படத்தை முதலிலிருந்து ஓட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வணக்கம்.