10 மாதக் குழந்தை இன்னும் உட்காரவில்லை, காத்திருக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன்: "டொக்டர், என் மகனுக்கு 10 மாதம். 7 வாரம் முந்திப் பிறந்தவன். இன்னும் தனியாக உட்காரவில்லை. அவன் அப்பாவும் எல்லாம் சுணங்கித்தான் செய்தாராம், பயப்படாதே என்கிறார் மாமி. பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) ஆயம்மாவோ, இவன் எதையும் வலது கையால்தான் எடுக்கிறான், கெட்டிக்காரன் என்கிறார். இப்போதே காட்ட வேண்டுமா?"

சரி தங்கச்சி, உட்காருவதை முதலில் பார்த்துவிடுவோம். முந்திப் பிறந்த பிள்ளைக்கு, டொக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வயதை எண்ண வேண்டும். இரண்டு வயது வரை அதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் மகனுக்கு எட்டரை மாதம்தான் ஆகிறது. நல்ல சுகமான பிள்ளைகளே தனியாக உட்கார 9 மாதம் வரை எடுப்பதுண்டு. இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் மாமி சொல்வதில் பிழையில்லை.

ஆனால் ஆயம்மா சொன்னதை வாசித்ததும்தான் எனக்குத் திக்கென்றது. ஒரு வயதுக்குள் எந்தப் பிள்ளைக்கும் வலக்கைப் பழக்கமோ இடக்கைப் பழக்கமோ வராது. இரண்டு கையாலும் மாறி மாறித்தான் எடுப்பார்கள். ஒரு கையை மட்டும் நீட்டுகிறான் என்றால், மற்றக் கைக்கு என்ன என்று பார்க்க வேண்டும். கெட்டிக்காரத்தனம் என்று விட்டுவிட முடியாது.

நம் ஊர்க் குளிரில் இது கண்ணில் படாமல் போய்விடும். ஸ்வெட்டர், கையுறை, அதற்கு மேல் கம்பளி, அப்புறம் சேலைத் தொட்டில். பிள்ளையின் கையை யார் பார்க்கிறார்கள்? இன்றைக்குக் குளிப்பாட்டும்போது இடது உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். ரேகை மடிப்பில் கம்பளி நூலும் பால் அழுக்கும் சேர்ந்து புளித்த வாசனை வருகிறதா? பெருவிரல் உள்ளே மடங்கியே கிடக்கிறதா? அப்படியானால் அந்தக் கை பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அப்புறம் அவனை மடியில் வைத்து, வலது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு பிஸ்கட்டை நீட்டுங்கள். இடது கை வருகிறதா, இல்லை வலது கையை இழுத்துக்கொண்டு அழுகிறானா? சட்டை மாற்றும்போது இடது கையோ காலோ விறைப்பாக இருக்கிறதா? இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்கில் பிள்ளை தூங்கிவிடுவான், இல்லாவிட்டால் கத்துவான். பாஷை சரியாக வராத இடத்திலும் வீடியோ பேசும்.

என்ன காரணம் என்று இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன். மூளையில் இருக்கலாம், தோள் நரம்பில் இருக்கலாம், எலும்பிலும் இருக்கலாம். ஆனால் காத்திருக்க வேண்டாம் என்பதை உறுதியாகச் சொல்வேன். பயன்படுத்தாத கையை வளரும் மூளை கணக்கிலிருந்து விட்டுவிடும். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் அந்தக் கையை வேலைக்கு இழுக்கலாம். 12 மாத ஊசிக்குப் போகும்போது கேட்கலாம் என்று வைக்காதீர்கள். இந்த வாரமே மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சொல்லி, பிள்ளையின் பதிவேட்டோடு கிளினிக் டொக்டரிடம் காட்டி, சிறுவர் வைத்திய நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம் போய்விடும், தெரியும். கொழுந்துக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் காசில்லை என்பதுதான் ஆறுதல்.

மாமி மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. எண்ணெய் போட்டு அந்த விரல்களைப் பலமாக இழுத்து நிமிர்த்த வேண்டாம், அவ்வளவுதான். வோக்கரும் வாங்காதீர்கள். பாய் மேல் கம்பளி விரித்து, பக்கத்தில் இருந்துகொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். 3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், 4 மாதமாகியும் தலை நிற்காவிட்டால், ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் நடக்காவிட்டால், 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துக் கதைக்காவிட்டால் காட்டுங்கள். கதைக்காத பிள்ளைக்கு முதலில் காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள். தெரிந்ததை மறந்தால், அதாவது நேற்றுவரை சொன்ன சொல்லை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

இன்னொன்று, இதற்கு நாள் பார்க்கவே கூடாது. பிள்ளை தூங்கி எழும்பும்போது தலையைத் திடீரென்று குனிந்து, கைகளை விரித்து, சில விநாடி விட்டு மறுபடி மறுபடி அப்படியே வெட்டினால், வயிற்றுவலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தங்கச்சி, நிபுணரைப் பார்க்க உங்களுக்குத் தவணை இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தால், அதுவரை வீட்டில் என்ன பயிற்சி செய்வது என்று பிசியோதெரபி பகுதியில் கேளுங்கள். செய்து காட்டச் சொல்லி அதையும் போனில் எடுத்து ஆயம்மாவுக்குக் காட்டுங்கள். பகல் முழுக்க அவனை வைத்திருப்பது அவர்தானே.