சிரிக்காத விளையாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

1940ஆம் ஆண்டை ஒட்டி நியூயார்க் தெரு ஒன்றில் புகைப்படக் கலைஞர் ஹெலன் லெவிட் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு சிறுவர்கள் பெரிய நிலைக்கண்ணாடிச் சட்டம் ஒன்றை ஆளுக்கொரு பக்கமாக நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்கள். சட்டத்தில் கண்ணாடி இல்லை. அது நொறுங்கித் தெருவோரம் கிடக்க, வேறு பிள்ளைகள் குனிந்து சில்லுகளைத் துழாவுகிறார்கள். வெற்றுச் சட்டத்தின் வழியே, மிதிவண்டியில் அமர்ந்த சிறுவன் ஒருவன் தெரிகிறான். கேமராவைப் பார்த்துச் சிரிப்பவர் எவருமில்லை.

1913இல் புரூக்ளினில் பிறந்த லெவிட், 1937இல் சிறிது காலம் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தபோது, தெருவில் அவர்கள் சாக்கட்டியால் வரைந்திருந்த கிறுக்கல்களைக் கண்டு அவற்றைப் படமெடுக்கத் தொடங்கினார். வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்றுகொண்டே படமெடுக்க உதவும் செங்கோண வியூஃபைண்டரைத் தம் லைக்கா கேமராவில் பொருத்திக்கொண்டதால், பெரியவர் ஒருவர் பார்க்கிறார் என்ற நினைப்பு இல்லாமலே பிள்ளைகள் அதிகாரம் செய்வதும், முறைத்துக்கொள்வதும், முகமூடிக்குள் தயங்கி நிற்பதும் அவருக்குக் கிடைத்தன. 1943இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய குழந்தைப் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. விளையாட்டு என்பது குதூகலம் மட்டுமே என்ற எண்ணத்தை இந்த அளவுக்குக் கலைத்த படங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் அதே படங்களிலிருந்து இன்னொரு எண்ணமும் வளர்ந்துவிட்டது. அக்காலக் குழந்தைகள் கட்டற்றுத் திரிந்தார்கள், இன்று அந்தக் குழந்தைப் பருவமே தொலைந்துவிட்டது என்று அவற்றைப் பார்ப்பவர்கள் ஏங்குகிறார்கள். லெவிட் மிகுதியும் படமெடுத்த கிழக்கு ஹார்லெம் போன்ற பகுதிகளில் ஏழைக் குடும்பங்கள் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தன. கோடைப் புழுக்கத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் பெரியவர்களே வாசற்படிகளில் வந்து அமர்ந்தார்கள். தெருதான் பிள்ளைகளுக்குக் கூடமும் முற்றமும். படத்தில் தெரு இருக்கிறது. அதன் பின்னாலிருந்த அறை இல்லை. அந்த அறையை மறந்துவிட்டு வறுமையைச் சுதந்திரம் என்று போற்றுவது, அந்தப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

என் பேத்தி சொப்புச் சாமான்களைப் பரப்பி, யாருக்கோ சோறு பரிமாறும் முனைப்பில் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருப்பாள். நான் கைபேசியை எடுத்த மறுகணம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரல்களை உயர்த்திச் சிரிப்பாள். விரல் உயர்த்திய படங்கள் என்னிடம் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. உதட்டைக் கடித்தபடி அவள் சோறு பரிமாறும் படம் ஒன்றுகூட இல்லை.