தட்டின் மறுபக்கம்

அனைவருக்கும் வணக்கம். ரெக்கார்டு வாங்கிய காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். கையோடு ஒரு இசைத்தட்டும் கொண்டு வந்திருக்கிறேன். அதைக் கடைசியில் போடலாம்.

எழுபதுகளில் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரேடியோ விற்கிற கடையிலேயே ரெக்கார்டும் கிடைக்கும். நான் போனது வாசல் குறுகலாக, உள்ளே நீளமாகப் போகும் ஒரு கடை. கடைக்காரரை அண்ணாச்சி என்போம். பாட்டின் முதல் வார்த்தையைச் சொன்னால் போதும், தேடவே மாட்டார், கை நேராக அந்த அடுக்குக்குப் போய்விடும். உறையிலிருந்து தட்டை அவர் உருவுகிற அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கட்டைவிரல் விளிம்பில், மற்ற விரல்கள் நடுவிலுள்ள லேபிளில், கறுப்பில் ஒரு விரல்கூடப் படாது. டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துக் கீறல் பார்ப்பார். வெல்வெட் துணியால் வட்டமாக ஒரு துடைப்பு. அப்புறம்தான் முள்ளை வைப்பார்.

ஆனால் நாம் கேட்ட பாட்டைப் போடமாட்டார். தட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் போடுவார். “அந்தப் பாட்டுதான் தெருவெல்லாம் கேக்குதே தம்பி. நீ காசு குடுக்கிறது ரெண்டு பக்கத்துக்கும்ல?” என்பார். எனக்கு இசை கேட்கச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒரு பழக்கம்தான். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் சின்னத் தட்டில் பெரும்பாலும் நான்கு சினிமாப் பாட்டு இருக்கும். ஒன்றுக்காக வாங்குவோம், மற்ற மூன்றும் கூடவே வீட்டுக்கு வரும். நடுவில் முள்ளைத் தூக்கினால் கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் முழுப் பக்கத்தையும் ஓடவிடுவோம். 1976-இல் இளையராஜா வந்தபோது, எல்லோரும் முணுமுணுத்த பாட்டுகளோடு சேர்த்து யாரும் பேசாத பாட்டுகளையும் நான் மனப்பாடம் செய்தது இப்படித்தான்.

அப்பா காலத்துத் தட்டுகள் வேறு மாதிரி. 78 வேகம், பத்து அங்குலம், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். பெரிய வித்வான்களும் அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டியாக வேண்டும். கொஞ்சம் நீண்ட கீர்த்தனை என்றால் முதல் பக்கத்தில் பாதி, மறுபக்கத்தில் மீதி. தட்டைத் திருப்புகிற நேரம் வீடே மூச்சை அடக்கிக் காத்திருக்கும். அதெல்லாம் அரக்கால் செய்தவை. சோட்டா நாக்பூர் காடுகளில் பூச்சி மரக்கிளையில் வைக்கிற அதே அரக்கு. சென்னையில் பாடிய குரல் கல்கத்தாவுக்குப் போய், டம்டம் ஆலையில் தட்டாக அழுந்தி, ரயிலேறி மறுபடி நம் ஊர்க் கடைக்கு வரும். பிற்காலத் தட்டுகளின் வினைல் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், அரக்கு கொடுக்காது. அப்பா ஆசையாக வைத்திருந்த ஒன்றை டவுன் பஸ் நெரிசலில் நான் உடைத்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு துண்டையும் உறைக்குள் போட்டு, பழைய இடத்திலேயே வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எண்பதுகளில் கேசட் வந்தது. கடையில் ரெக்கார்டு அடுக்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அதுவரை என்னைப் போன்றவர்களுக்கு எட்டாமல் இருந்த பெரிய சேமிப்பு மைக் செட்காரர்களுடையது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று ஊர் ஊராகத் தகரப் பெட்டியில் தட்டுகளைச் சுமந்தவர்கள் அவர்கள். கேசட் வந்ததும் அந்தப் பெட்டிகள் பழைய பேப்பர் கடைக்கு வந்தன. எடை போட்டுக் கொடுத்தார்கள். நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக வந்தேன் என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு லேபிளிலும் எண்ணெய்ப் பெயின்டால் செட்டின் பெயரும் ஒரு எண்ணும் எழுதியிருந்தது. குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் எண் மாதிரி.

நான் கொண்டு வந்திருக்கும் இந்தத் தட்டு அதில் ஒன்று, 114-ஆம் எண். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பாருங்கள். இந்தப் பக்கம் வரிகளே தேய்ந்து சாம்பல் பூத்திருக்கிறது. எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை முறை, எவ்வளவு கனமான முள் இதன்மேல் ஓடியிருக்கும்! இதைப் போட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வரும். இப்போது திருப்புகிறேன். இந்தப் பக்கத்தைப் பாருங்கள், மை போலக் கறுப்பு. விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக இதில் ஓடுகிறது. பந்தலில் யாரும் இந்தப் பாட்டைக் கேட்கவில்லை, அதனால் செட்காரர் போடவும் இல்லை. பாடியவரோ அதே அம்மாதான், அதே ஆர்மோனியம்.

மின்விசிறியை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று நிமிடம்தான். போடுகிறேன்.