நடிப்பு கத்துக்க நாடக அரங்கம்தான்: எங்க அணிக்காக நான் பேசினது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுல காலை நீட்டி உக்காராம சமூக மன்றம் வரைக்கும் வந்திருக்கற பெரியவங்களே, எல்லாருக்கும் வணக்கம். நடிக்க ஆசைப்படுற ஒருத்தருக்கு நடிப்பை அதிகமா சொல்லிக் கொடுக்கறது கைல இருக்கற திரையா, நேர்ல பாக்கற நாடகமா? இதான் தலைப்பு. நாடகம்தான்னு சொல்ல வந்திருக்கேன்.

நான் இன்னும் நடிகன் ஆகல, ஆகணும்னு ஆசைப்படுறவன். பகல்ல இங்க சிங்கப்பூர்ல சாங்கி பக்கம் ஒரு கிடங்குல ஷிப்ட் வேலை, லீவு நாள்ல நாடகம். இந்த வருஷம் மட்டும் ஏழு நாடகம் பாத்துட்டேன், தமிழ்ல அஞ்சு, இங்கிலீஷ்ல ரெண்டு.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா என்ன சொன்னாங்க? போன்ல ஒரு சீனை நூறு தடவை ரீவைண்ட் பண்ணி பாக்கலாம், குளோசப்ல கண் இமை துடிக்கறது கூட தெரியும், காசு கொடுத்து அரங்கத்துல கடைசி வரிசையில உக்காந்தா என்ன தெரியும்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான் அக்கா. நானும் போன்ல இருந்துதான் ஆரம்பிச்சேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன நாடகத்துல எனக்கு தம்பி வேஷம். மூணு வாரமா எம்ஆர்டி ரயில்ல போகும்போதும் வரும்போதும் போன்ல பெரிய நடிகர்களோட சீனா பாத்து, அவங்க எங்க குரலை ஏத்துறாங்க, எங்க கண்ணு கலங்குதுன்னு அப்படியே மனப்பாடம் பண்ணேன். அன்னிக்கு மேடையில அண்ணன் வேஷம் போட்டவர் பதட்டத்துல ரெண்டு வரி தாண்டிட்டார், நான் அந்த ரெண்டு வரி வரும் வரும்னு நின்னுக்கிட்டே இருக்கேன், வரல, ஹால்ல ஏர்கான் சத்தம் மட்டும் கேக்குது. அவர் அந்த நேரத்துல வேற ஒரு வரி சொல்லி எனக்கு எடுத்துக் கொடுத்திருக்கார், அது என் காதுலயே விழல. ஏன்னா நான் அவர் பேசறதைக் கேக்கவே இல்ல, என் வரி எப்ப வரும்னு மட்டும் எண்ணிக்கிட்டு நின்னேன்.

அந்த மூணு வாரமும் நான் போன்ல பாத்ததெல்லாம் பேசறவங்க முகத்தைத்தான் நடுவரே. கேமரா பெரும்பாலும் பேசறவங்க கிட்டதான் போகுது, கேட்டுக்கிட்டு நிக்கறவர் ஒரு வினாடி வருவார் போயிடுவார். நான் எங்க பாக்கணும்னு எடிட்டர் முடிவு பண்ணிடறார். அரங்கத்துல அந்த முடிவு என் கண்ணு கிட்ட இருக்கு.

ஒரு உதாரணம் சொல்றேன், நிதானமா சொல்லணும் இதை. மவுண்ட்பேட்டன் பக்கத்துல குட்மேன் ஆர்ட்ஸ் சென்டர் இருக்கு, அங்க பிளாக் பாக்ஸ்னு சொல்ற சின்ன அரங்கத்துல ஒரு தமிழ் நாடகம், முன்வரிசையில உக்காந்தா கை நீட்டினா மேடைதான். கதை நடக்கறது ஒரு வீவக அடுக்குமாடி வீட்டுல, அம்மா தரையில உக்காந்து காஞ்ச துணி மடிக்கிறாங்க, மகன் நின்னுக்கிட்டு இந்த வீட்டை வித்துடலாம்மான்னு ஆரம்பிச்சு பெருசா பேசறான். நாலு நிமிஷம் அவன் மட்டும்தான் பேசறான், அம்மாவுக்கு ஒரு வசனம் இல்ல. நான் மகனைப் பாக்காம அம்மாவையே பாத்தேன். ஒரு நீலச் சட்டையை மடிச்சு வெச்சாங்க. அடுத்த துணியை எடுக்கணும், எடுக்கல, மடிச்ச அதே சட்டையை மறுபடி பிரிச்சாங்க, மறுபடி மடிச்சாங்க, காலர் மேல கட்டை விரலை வெச்சு தேச்சுக்கிட்டே இருந்தாங்க. அது செத்துப்போன அப்பாவோட சட்டைன்னு யாரும் சொல்லல, எனக்கு தெரிஞ்சு போச்சு, தொண்டை அடைச்சுக்கிச்சு.

மறுநாள் காசு கொடுத்து திரும்பப் போனேன், என் ரீவைண்ட் அதுதான். அதே சட்டை, அதே இடம், ஆனா கை நின்னது வேற வார்த்தையில. முதல் நாள் 'வித்துடலாம்'னு சொன்னப்ப நின்னுச்சு, ரெண்டாவது நாள் அதுக்கு முன்னாடியே, மகன் 'அம்மா'ன்னு கூப்பிட்டு மூச்சு இழுத்தானே, அங்கேயே நின்னுடுச்சு. ஏன்னா அன்னிக்கு அந்தப் பையன் கொஞ்சம் அதிக நேரம் தயங்கினான், அவங்க அதைக் கேட்டாங்க. போன்ல நூறு தடவை பாத்தாலும் கை ஒரே வார்த்தையிலதான் நிக்கும் அக்கா, அவங்க நிஜமாவே கேட்டுத்தான் நடிக்கறாங்கன்னு எனக்கு ரெண்டாவது நாள்தான் தெரிஞ்சுது.

எதிரணி தம்பி விஜய் சேதுபதியை இழுத்தார், குறும்படத்துல நடிச்சுத்தானே மேல வந்தார்னு. சரி, குறும்படத்துக்கு முன்னாடி எங்க இருந்தார்? சென்னை கூத்துப்பட்டறையில, ந. முத்துசாமி ஐயா 1977ல ஆரம்பிச்ச நாடகக் குழு அது, அங்க கணக்கு எழுதற வேலைக்குப் போய் சேர்ந்து, நடிகர்களைப் பக்கத்துல இருந்து பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டவர் அவர். நடிகர்கள் பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அங்கிருந்து வந்தவங்கதான். இன்னும் பின்னாடி போனா, 1952ல 'பராசக்தி' வர்றதுக்கு முன்னாடி சிவாஜி கணேசன் எத்தனை வருஷம் நாடகக் கம்பெனியில பொம்பள வேஷத்துல இருந்து எல்லா வேஷமும் கட்டினார்! எம்ஜிஆரும் சின்னப் பசங்க நடிக்கற பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவுல வளர்ந்தவர்தானே.

நான் பாத்த ஏழும் நல்லா இருந்துச்சுன்னு சொல்லமாட்டேன். பெரிய அரங்கத்துல ஒண்ணு, தொலைக்காட்சியில தெரிஞ்ச முகங்கள், எல்லாருக்கும் கன்னத்துல மைக், எல்லாரும் எங்களைப் பாத்தே வசனம் பேசறாங்க, ஒருத்தர் பேசும்போது மத்த மூணு பேரும் பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி நிக்கறாங்க. எனக்கு கோபமே வந்துச்சு, ஏன்னா ஒரு வாரம் ஓவர்டைம் பாத்து வாங்கின டிக்கெட் அது. ஆனா அந்த மூணு பேரைப் பாத்ததும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எப்படி நின்னிருப்பேன்னு கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

இன்னொண்ணு நம்ம ஊருக்கே உரியது. நேஷனல் லைப்ரரி கட்டடத்துல இருக்கே டிராமா சென்டர், 615 இருக்கை, அங்க ஒரு தமிழ் நாடகம் பாத்தேன், மேடைக்கு மேல திரையில வசனத்தோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, சர்டைட்டில்னு சொல்வாங்க, அது ஓடுது. வரி முழுசா ஒரேயடியா வந்துடும், அதனால தமிழ் தெரியாதவங்க ரெண்டு வினாடி முன்னாடியே சிரிச்சுடுவாங்க, நடிகர் சொல்லி முடிச்சதும் நம்ம ஆளுங்க சிரிப்பாங்க. அனுபவம் இல்லாதவர் முதல் சிரிப்புல தடுமாறுவார். அன்னிக்கு தாத்தாவா நடிச்சவர் முதல் சிரிப்பு வந்ததும் அப்படியே மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வேட்டி நுனியில துடைச்சார், சிரிப்பு அடங்கின அப்புறம் மீதி வரியைச் சொன்னார், ரெண்டாவது சிரிப்பையும் வாங்கினார். கூட நடிக்கறவரை மட்டும் இல்ல, 600 பேரையும் கேட்டுக்கிட்டே நடிக்கறார் மனுஷன்! இதை எந்த திரை சொல்லிக் கொடுக்கும்?

சிங்கப்பூர் நாடகத்துல இது புதுசும் இல்ல. 1988ல இங்கத்த நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் ஒரு நாடகம் போட்டார், பூனையைத் தேடி அலையற ஒரு அம்மாவோட கதை, மாண்டரின், ஹொக்கியன், மலாய், இங்கிலீஷ், தமிழ்னு பல மொழி. அந்த அம்மாவுக்கு ஹொக்கியன்தான் தெரியும், வழியில பாக்கற ஒரு பெரியவர் தமிழ்தான் பேசறார், அவரும் பூனையைத் தேடறார். ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் புரியாது, ஆனா ரெண்டு பேரும் கையாலயும் முகத்தாலயும் பேசிக்கறாங்க, புரிஞ்சுக்கறாங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த நாடகம், படிச்சுத்தான் தெரியும், நேர்ல பாக்கற பாக்கியம் இல்ல. அந்த காட்சிக்கு பாதி உயிர் கேக்கறவர் கிட்ட இருக்குன்னு படிக்கும்போதே தெரியுது.

காசு விஷயம் உண்மைதான், மறுக்கல. ஆனா 2025ல 18 வயசும் அதுக்கு மேலயும் ஆன சிங்கப்பூரர் எல்லாருக்கும், கலை நிகழ்ச்சிக்குச் செலவு பண்ணன்னு அரசாங்கம் எஸ்ஜி கல்ச்சர் பாஸ்ல 100 வெள்ளி கொடுத்திருக்காங்க, 2028 கடைசி வரைக்கும் செல்லும். நம்ம தமிழ்க் குழுக்கள் போடற நாடகத்துக்கு அதைச் செலவு பண்ணுங்களேன், ராத்திரி வேலை முடிச்சு வந்து ஒத்திகை பாக்கறவங்க அவங்க.

நடுவர் மணி அடிச்சுட்டாங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துடறேன். அந்த துணி மடிச்ச அம்மாவைப் பாத்ததுல இருந்து வீட்டுல நான் வசனம் சொல்லிப் பழகறதை விட்டுட்டேன். என் தங்கச்சி ஏதாவது ஒரு பக்கத்தை வாசிப்பா, நான் துணி மடிச்சுக்கிட்டே கேப்பேன், அவ ஒவ்வொரு நாளும் வேற மாதிரி வாசிப்பா. போன வாரம் ஒரு நாடகத்துக்கு தேர்வு வெச்சாங்க, எனக்கு வசனம் எதுவும் கொடுக்கல, எதிர்ல ஒருத்தர் பேசுவார், நீ கேட்டா போதும்னு சொன்னாங்க. கேட்டேன். வேஷம் கிடைச்சிருக்கு, செவ்வாய்க்கிழமை ஒத்திகை ஆரம்பிக்குது. நன்றி, வணக்கம்.