ரஜுலாவோட ஜோடிக் கப்பல்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் பழைய வீடு எதுல கேட்டாலும் ரஜுலா கப்பல் கதை ஒண்ணு இருக்கும். எங்க வீட்டுலயும் இருக்கு. ஆனா இன்னிக்கு நான் பேச வந்தது அதோட ஜோடி, ரோனாங்கிற கப்பலப் பத்தி. ரெண்டுமே 1926ல கட்டுனது, பி.ஐ. கம்பெனின்னு சொல்லுவாங்கள்ல, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி, அவங்க கப்பல்தான். மெட்ராஸ், நாகை, பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடுனது.

எங்க அப்பாயி ரெண்டுலயும் போயிருக்காங்க. நாகையில கப்பல் கரைக்கு வராது, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், நாமதான் படகுல போயி, அலை தூக்குற நேரம் பாத்து ஏணியப் பிடிக்கணும். அப்பாயி இடுப்புல எங்க பெரியப்பா, கையில ஊறுகா ஜாடி. படகுக்காரர் "ஏதாவது ஒண்ணக் குடு தாயி"ன்னு கத்துறாரு, அப்பாயி புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு ஜாடிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க! எழுபது வயசு வரைக்கும் பெரியப்பாவுக்கு அந்தக் கோவம் போகல. மேல ஏறுனா டெக்குதான், பாய் விரிச்ச இடம் நம்ம இடம், வாந்தியும் கருவாட்டு வாசமுமா பினாங்கு வரைக்கும்... சரி சரி, ஊறுகாயிலயே நேரம் போயிடும், ரோனாவுக்கு வர்றேன்.

ரெண்டாம் உலகப் போர்ல இந்தக் கப்பல பட்டாளம் ஏத்திட்டுப் போக எடுத்துக்கிட்டாங்க. நம்மாளுங்க பாய் விரிச்ச அதே டெக்குல அமெரிக்க சிப்பாய்ங்க, கிட்டத்தட்ட ரெண்டாயிரம் பேரு. 1943 நவம்பர் 26, அல்ஜீரியா கடல். எங்க போறாங்கன்னு நினைக்கிறீங்க? இந்தியாப் பக்கம்தான், விமானத்தளம் போடுற வேலைக்கு. அதாவது ரோனா நம்ம திசைக்குத் திரும்பி வந்துட்டு இருந்துச்சு.

சாயங்காலம் ஜெர்மன் விமானம் வந்துச்சு. அது போட்டது சும்மா கீழ விழுற குண்டு இல்ல. பேரப்புள்ளைங்க ரிமோட் கார் ஓட்டுறாங்கள்ல, அதே மாதிரிதான், விமானத்துல ஒருத்தன் சின்னக் குச்சிய அசைச்சா குண்டு திரும்பும், அது எங்க போகுதுன்னு தெரியுறதுக்கு வால்ல வெளிச்சம் வேற. இப்ப நான் பேசுறத உங்ககிட்ட கொண்டு வருதே ரேடியோ அலை, அதாலதான் அத ஓட்டுனான். குண்டு இடது பக்கம் புகுந்து எஞ்சின் ரூம்ல வெடிச்சுது. லைஃப்போட்டு 22 இருந்துச்சு, இறங்குனது 8. குளிரு, பெரிய அலை, இருட்டிடுச்சு. பயோனியர்னு ஒரு கண்ணிவாரிக் கப்பல், அதாவது கடல்ல போட்ட கண்ணிவெடிய எடுக்குற கப்பல், அது ஒண்ணே 606 பேரத் தூக்குச்சு. அப்படியும் செத்தவங்க 1,138 பேரு. அதுல அமெரிக்கப் பட்டாளத்துக்காரங்க மட்டும் 1,015.

இத அமெரிக்கா அமுக்கி வச்சுது. குண்ட ரேடியோவுல ஓட்டுனாங்கிற விஷயம் வெளிய வர வருஷக்கணக்கா ஆச்சு. போர் முடிஞ்சு அப்பாயி மறுபடி ரஜுலாவுல போறப்ப கப்பல்காரர் ஒருத்தர்கிட்ட ரோனா எப்ப வரும்னு கேட்டாங்களாம். "அது இப்ப இந்த லைன்ல இல்லம்மா", அவ்வளவுதான் சொன்னாராம்.

எனக்கு ஆத்திரம் எதுலன்னா, கப்பல் ஆளுங்கதான் முதல்ல போட்டுல ஏறி ஓடுனாங்கன்னு பொழைச்ச சிப்பாய்ங்க சில பேரு சொன்னாங்க. கப்பல் ஆளுங்கன்னா பெரும்பாலும் இந்தியாக்காரங்க, லஸ்கர்னு சொல்லுவாங்க. மொத்தம் 195 பேரு, அதுல பாதிக்கு மேல செத்துட்டாங்க. ஓடுனவங்க இப்படியா சாவாங்க? நீங்களே சொல்லுங்க. பாதிக்கு மேல!

அந்த ஆளுங்களப் பத்தித்தான் நிறைய சொல்லணும்னு வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, சுருக்கமா சொல்லிடுறேன். போர்ல செத்த இந்தியக் கப்பல்காரங்களுக்கு மும்பையில இருக்குற நினைவுச் சின்னம் கல்லு இல்ல, ஒரு புத்தகம், பேரெல்லாம் அதுல எழுதியிருக்கு, சிட்டகாங்ல ஒரு பிரதி. ரஜுலா 1973 வரைக்கும் ஓடுச்சு, அந்தக் கதை... சரி, நேரம் முடிஞ்சுதாம். வணக்கம்.